மூச்சுத் துளை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ரவுண்டானாவின் நடுவில் கார் நின்றுவிட்டது. டேங்கில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் இருந்தது. வண்டி வளைந்தால் பெட்ரோல் முழுக்க ஒரு மூலைக்கு ஓடிவிடுகிறது; உறிஞ்சு குழாயின் வாயில் வெறும் காற்று. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கும். அரை நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். அந்த அரை நிமிடத்தில் பின்னால் நிற்கிற பஸ்காரன் என் பரம்பரையையே விசாரித்துவிடுகிறான்.

மனைவி இறங்கித் தள்ளினாள். தபால் உடுப்பில், தோளில் பையோடு. அவளை அலுவலகத்தில் விடத்தான் போய்க்கொண்டிருந்தேன். "உங்க மூத்தாளுக்கு இன்னிக்கும் மயக்கமா?" என்றாள். காரை அப்படித்தான் சொல்வாள். எட்டு வருடம் முன்பு ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில், பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் இதை வாங்கி வந்தேன். அன்றிலிருந்து அவள் இளையாள். காருக்கு ஐம்பத்திரண்டு வயது. எனக்கும்தான்.

அச்சகத்துக்குப் பத்து நிமிடம் தாமதம். மேஜையில் மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற சீட்டின் மெய்ப்பு பதினான்கு பக்கம். மாத்திரை அளவில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்ததைப் பிடித்தேன். அடுத்தவர் பிழையைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

மார்ச் 8, ஞாயிறு

பழைய கார் சங்கக் கூட்டம். மே முதல் சனிக்கிழமை மலைப்பயணம் என்று முடிவாயிற்று. நானும் பெயர் கொடுத்தேன். செயலாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நீங்க முதல்ல அந்த ரவுண்டானாவைத் தாண்டுங்க சார், மலையை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் முகம் சூடாகவே இருந்தது. சின்ன விஷயம்தான். இருந்தாலும்.

மார்ச் 14, சனி

ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு தகரக் கூரைக் கடை. நடத்துகிறவரை எல்லோரும் 'டேங்க் அக்கா' என்கிறார்கள். நாற்பது வயது இருக்கும். கப்பல் கட்டும் துறையில் பதினோரு வருடம் வெல்டராக இருந்தவராம். முன்கை முழுக்கப் பொறி தெறித்த தழும்புகள்.

காரின் அடியில் படுத்து, விரலை மடக்கி டேங்கைத் தட்டித் தட்டிக் கேட்டார். "உள்ள ஒண்ணுமே இல்ல சார். வெறும் பெட்டி." பிறகு தன் சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துக் காட்டினார். தண்ணீர் ஒரு ஓரத்துக்கு ஓடியது. தட்டின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து நிரப்பி மறுபடி சாய்த்தார். கிண்ணத்துத் தண்ணீர் கிண்ணத்திலேயே இருந்தது.

"இவ்வளவுதான். டேங்கை வெட்டி உள்ள மூணு தடுப்புத் தகடு வைக்கிறேன். குழாய் வாய்க்கு இந்த மாதிரி ஒரு கிண்ணம். எஞ்சினுக்குப் போய் மிஞ்சற பெட்ரோலும் திரும்பி வந்து இந்தக் கிண்ணத்துலயே விழும். வண்டி தலைகீழா நின்னாலும் கிண்ணம் காயாது."

"தலைகீழா நின்னா எனக்குப் பெட்ரோல் தேவைப்படாதும்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வேலை பேசும்போது சிரிக்கிற ஆள் இல்லை போல.

மார்ச் 20, வெள்ளி

இன்னும் வெட்டவில்லை. ஐந்தாவது நாளாக வெந்நீரும் சோப்பும் ஊற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறார். உள்ளே துளி ஆவி மிச்சம் இருந்தாலும் நெருப்பு பட்டதும் வெடித்துவிடுமாம். டேங்க் வாயில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டுத் தலையாட்டினார். "அவசரம்னா வேற இடம் பாருங்க சார்."

மார்ச் 28, சனி

மூடுவதற்கு முன்னால் டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். தடுப்புகளின் ஓரமெல்லாம் மீன் செதிள் அடுக்கியது போல வெல்டிங். யாரும் பார்க்கப்போவதில்லை, இருந்தும் அவ்வளவு அழகு. டேங்கை மாட்டி, ஐஸ் தொழிற்சாலை மைதானத்தில் ஒரு மணி நேரம் எட்டு எட்டாகச் சுற்றினோம். ஒரு இருமல் இல்லை.

கிளம்பும்போது சொன்னார்: "இந்த மூடிக்கு உள்பக்கம் பொடித் துளை ரெண்டு இருக்கு பாருங்க. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து உள்ள வரணும். டேங்கும் மூச்சு விடணும்ல. வேற மூடி போடறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க."

சரி என்றேன். மூடிதான் துருப்பிடித்து, பார்க்கச் சகிக்கவில்லை. வண்டியில் இனி அது ஒன்றுதான் குறை.

ஏப்ரல் 12, ஞாயிறு

கூட்டத்துக்கு ரவுண்டானாவை மூன்று முறை சுற்றிவிட்டுப் போனேன். வேண்டுமென்றேதான். செயலாளர் டேங்கைப் பற்றி விசாரித்தார். தடுப்பு, கிண்ணம், திரும்பு குழாய் எல்லாம் காகிதத்தில் வரைந்து விளக்கினேன். "இவ்வளவு யோசிச்சிருக்கீங்களே சார்" என்றார்கள். நான் மறுக்கவில்லை. "வெல்டிங் மட்டும் ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால ஒரு அம்மா பண்ணினாங்க" என்றேன்.

ஐந்து பேர் கடை விலாசம் வாங்கிக்கொண்டார்கள். அவருக்கு நல்லதுதானே செய்தேன்?

ஏப்ரல் 28, செவ்வாய்

மனைவி சாயங்காலம் பையிலிருந்து ஒரு பார்சலை எடுத்து நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க. சொந்த வீட்டுக்கே டெலிவரி பண்ற ஒரே ஆள் நான்தான்." உள்ளே நான் வரவழைத்த மூடி. கண்ணாடி மாதிரி பளபளப்பு, சாவி போட்டுப் பூட்டலாம். அதில் முகம் பார்த்தேன். கொஞ்சம் அகலமாகத் தெரிந்தேன்.

மே 1, வெள்ளி

புது மூடியை மாட்டினேன். டேங்க் அக்காவிடம் கேட்க வேண்டும் என்று நினைவு வந்தது. இன்று விடுமுறை, கடை இருக்காது. போன் செய்திருக்கலாம். ஒரு மூடிக்குப் போய்ப் போனா?

நாளை மலை. மனைவியோடு மச்சானும் வருகிறான்.

மே 3, ஞாயிறு

மருத்துவமனை வராந்தா. மனைவியின் வலது பாதம். மூன்று எலும்பு. எழுத வரவில்லை.

மே 5, செவ்வாய்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஒன்பதாவது வளைவு வரை நன்றாக ஏறியது. அதற்குப் பிறகு எஞ்சினுக்கு மெல்ல மெல்ல உயிர் போனது. பழைய இருமல் இல்லை இது. மூச்சு முட்டுவது போல இழுத்து இழுத்து நின்றது. ஏற்றத்தில் இந்த வண்டியின் கை பிரேக் பிடிக்காது. அதனால் எப்போதும் செய்வது போல மனைவி இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைக்கப் போனாள். வண்டி ஒரு அடி பின்னால் உருண்டது. அவள் கால் அங்கே இருந்தது.

மச்சான் பின் சீட்டிலிருந்து குதித்து வண்டியைத் தோள் கொடுத்து முன்னால் தள்ளினான். அவள் கத்தவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "பை... என் பை" என்றாள். பை எதுவும் கொண்டுவரவில்லை அன்றைக்கு.

எல்லா வண்டிகளும் நின்றன. கூட்டம் கூடியது. "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்றார்கள். "டேங்க் வேலை சரியில்ல. அந்தம்மா கெடுத்துட்டாங்க" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை யார் தப்பு என்று. நானாகத்தான் சொன்னேன். முதலில் சொன்னது நான்தான்.

இவளைச் செயலாளர் வண்டியில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். என் காரைக் கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மே 6, புதன்

சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் எழுதினேன்: 'இந்தக் கடையில் டேங்க் வேலைக்குக் கொடுத்தவர்கள் தயவுசெய்து ஓட்ட வேண்டாம். என் மனைவிக்கு நேர்ந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.' நாற்பது பதில்கள். எல்லாம் அனுதாபம். ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆறுதலாகத்தான் இருந்தது.

மே 10, ஞாயிறு

மச்சான் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறான். "எங்கக்கா வீடு வீடா நடந்து பொழைக்கறவ. அவ காலையே எடுத்துட்டியேன்னு கேட்டேன் மாமா" என்றான். நல்லது செய்துவிட்டு வந்தவன் போலத் தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

மே 14, வியாழன்

விபத்துக்குப் பிறகு முதல் முறையாக இன்று காரைத் தொட்டேன். எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று பார்க்க மூடியைத் திறந்தேன்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். காற்று உள்ளே போகிற சத்தம். குக்கர் விசிலைத் திருப்பிப் போட்ட மாதிரி. பன்னிரண்டு நாள் அடைத்துக்கொண்டிருந்த டேங்க் மூச்சை இழுத்தது. அதைத் தொடர்ந்து அடியில் டங் என்று ஒரு சத்தம் - உள்ளே ஒடுங்கியிருந்த டேங்கின் சுவர்த் தகடு பழைய இடத்துக்கு வந்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். துளை இல்லை. ஒரு ஊசிமுனை அளவுகூட இல்லை. வழுவழுவென்று ரப்பர் போட்டு இறுக்கமாக மூடியிருக்கிறது.

பழைய துருப்பிடித்த மூடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு மணி நேரம் ஓட்டினேன். மேம்பாலம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி. ஒரு இருமல் இல்லை.

மே 15, வெள்ளி

யாரிடமும் சொல்லவில்லை.

மே 16, சனி

செயலாளர் வீட்டுக்கு வந்தார். மற்ற ஊர்ச் சங்கங்களுக்கும் அனுப்ப ஓர் எச்சரிக்கைக் கடிதம் எழுதியிருந்தார். கடை விலாசம் கொட்டை எழுத்தில். "பாதிக்கப்பட்டவர்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா வெயிட்டா இருக்கும்." மனைவி கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. என்னவென்று சொல்வது? அழகுக்கு ஒரு மூடி போட்டேன், அதனால்தான் என்றா? இவள் முன்னாலா?

கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன் பழக்க தோஷத்தில் கடிதத்தைப் படித்து, விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தையும் ஒரு கால்புள்ளியையும் சேர்த்துக் கொடுத்தேன். பொய்யில் பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டேன். நான் இப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியாது.

மே 23, சனி

டேங்க் அக்கா வந்தார். சலவை செய்த சேலை. கையில் பழப் பை. வாசலிலேயே செருப்பை ஓரமாக வைத்துவிட்டு நின்றார். நான் உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

மனைவிதான் ஆரம்பித்தாள். பொதுவாக யாரையும் ஒருமையில் பேசாதவள். "எதுக்கு வந்த? கால் எப்படி இருக்குன்னு பார்க்கவா? பார்த்துக்கோ. தெரியாத வேலையை ஏன் எடுத்து வைக்கற?" அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"சார், ராத்திரி பகலா யோசிச்சுட்டேன். என் வெல்டிங் விட்டிருந்தா பெட்ரோல் ஒழுகியிருக்கும். கிண்ணம் கழண்டிருந்தா சத்தம் வரும். ஏத்தத்துல அப்படி மெல்ல மெல்ல அடங்கினா அது மூச்சு அடைப்பு மாதிரிதான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. மூடி பழசுதானே?"

"ஆமா. பழசுதான்."

வாசலில் கார் நிற்கிறது. அதில் பழைய மூடிதான் இருக்கிறது. அவர் எட்டிப் பார்த்தார். என் வார்த்தையையும் காரையும் சேர்த்துப் பார்த்தார். "அப்போ என் கைதான்" என்றார். மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போல. பழப் பையைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மனைவி பையைத் தொடக் கூடாது என்றாள். புது மூடி அலமாரியில் பழைய மெய்ப்புக் கட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்த அறைக்குள் நான் இப்போது போவதில்லை.

மே 26, செவ்வாய்

இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். மார்ச் 28-இல் அவர் சொன்னது அப்படியே இருக்கிறது. என் கையெழுத்தில். 'டேங்கும் மூச்சு விடணும்ல.' தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று ஓரத்தைப் பிடித்தேன். ஒரு விரல் அளவு கிழிந்தது. விட்டுவிட்டேன். கிழித்தால் மட்டும்?

இன்னொன்று. மே 5-இல் 'வண்டி ஒரு அடி பின்னால் உருண்டது' என்று எழுதியிருக்கிறேன். வண்டி எப்படித் தானாக உருளும்? என் கால் பிரேக்கில் இருந்தது. கல் வைத்துவிட்டு அவள் "சரி" என்று குரல் கொடுப்பாள், அதற்குப் பிறகுதான் நான் காலை எடுப்பேன். எட்டு வருடமாக அப்படித்தான். அன்றைக்குப் பின்னால் ஐந்தாறு வண்டிகள். செயலாளர் ஆரன் அடித்தார். அவமானமாக இருந்தது. எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று காலைத் தூக்கி ஆக்ஸிலரேட்டரில் வைத்தேன். அவள் இன்னும் சரி சொல்லவில்லை.

எழுதிவிட்டேன். இவளும் இதுவரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கவனிக்கவில்லையோ?

ஜூன் 2, செவ்வாய்

அச்சகத்தில் இன்று ஒரு தப்பை விட்டுவிட்டேன். சிரப் பாட்டில் சீட்டில் 'தினமும்' என்பது இரண்டு முறை. முதலாளி, "உங்க கண்ணுக்கே தப்பிடுச்சா? வீட்டுல கஷ்டம், புரியுது" என்றார். யார் எதைச் சொன்னாலும் எனக்குச் சாதகமாகவே முடிகிறது.

ஜூன் 6, சனி

சங்கத்துக்காரர் ஒருவர் போனில் சொன்னார்: டேங்க் அக்கா அந்த ஐந்து பேரையும் கூப்பிட்டு, அவர்கள் டேங்குகளை எல்லாம் திரும்ப வாங்கி, வெட்டித் திறந்து, தண்ணீர் நிரப்பி நாள்கணக்கில் பார்த்தாராம். ஒன்றும் அகப்படவில்லை. இருந்தாலும் பழையபடியே ஆக்கிக் கொடுத்துவிட்டாராம். "பாவம், பயந்துட்டாங்க போல. ஆனா பாருங்க, தப்பு இல்லாம ஏன் பயப்படணும்?" என்றார்.

நடந்தே கடைக்குப் போனேன். எதற்கு என்று தெரியாமல்தான் போனேன். வாசலில் டேங்க் ஒன்றும் இல்லை. ஜன்னல் கம்பி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதைத் தாங்க முடியவில்லை.

"வீட்ல அக்காவுக்கு எப்படி இருக்கு சார்?"

"பரவாயில்ல. டேங்க் வேலை...?"

"இனிமே தொடறதில்ல. கம்பி, கேட், இது போதும். விட்டுப்போனாலும் யாருக்கும் அடிபடாது." உப்புத்தாளைக் கீழே வைத்தார். "எங்க விட்டேன்னு தெரிஞ்சா திருத்திக்கலாம் சார். எங்கன்னே தெரியலன்னா என்ன பண்றது? இருபது வருஷ வேலை. இப்ப டேங்கைப் பார்த்தாலே கை நடுங்குது. பாருங்க."

கையை நீட்டிக் காட்டினார். நடுங்கியது.

அப்போதும் நான் சொல்லவில்லை. "உடம்பைப் பார்த்துக்கங்கம்மா" என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன் நான்.

ஜூன் 7, ஞாயிறு

காலையில் இவளுக்குக் காபி கொடுத்துவிட்டு, மூடியை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். எல்லாம் சொன்னேன். மூடி, உஸ் சத்தம், அவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். காபி ஆடை கட்டிப்போனது.

"நான் சரின்னு சொல்றதுக்குள்ள நீங்க காலை எடுத்துட்டீங்க" என்றாள்.

"தெரியுமா?"

"அது என் கால். எனக்குத் தெரியாதா? தம்பி உங்களை அடிக்கவே வந்திருப்பான், அதான் சொல்லல. வண்டி நின்னதுக்கு அந்தப் பொண்ணு காரணம், அவசரத்துல நீங்க ஏதோ பண்ணிட்டீங்கன்னு என் மனசைத் தேத்திக்கிட்டேன். உங்களைக் காப்பாத்தறேன்னு நான் ஒண்ணை மறைச்சேன். நீங்க ஒண்ணை மறைச்சீங்க. நடுவுல அவ மாட்டிக்கிட்டா."

பிறகு குரல் உடைந்துவிட்டது. காலுக்காக இவள் ஒரு நாள்கூட அழவில்லை. "வீடு தேடி வந்தவளை நீ வா போன்னு பேசினேனே. உங்க பொய்யை என் வாயால பேச வச்சிட்டீங்களே."

மூடியை என் பக்கம் தள்ளிவிட்டாள். "நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. உங்க மூத்தாள் வேண்டாம். வாடகை வண்டி."

ஜூன் 8, திங்கள்

போனோம். ஊன்றுகோலோடு இவள் முதல் முறையாக வெளியே வந்தது இதற்காகத்தான். இவள் முதலில் மன்னிப்புக் கேட்டாள். "நான் அன்னிக்குப் பேசினது தப்பு. ஏன் தப்புன்னு இவர் சொல்லுவார்" என்று நிறுத்தினாள். நான் மூடியைக் கொடுத்துச் சொன்னேன். வார்த்தை கோத்து வைத்திருந்தேன்; ஒன்றும் நிற்கவில்லை. "மூடி பழசு இல்ல" என்றுதான் வந்தது.

அவர் மூடியைத் திருப்பி, கட்டைவிரலால் ரப்பரைத் தடவினார். துளையைத் தேடுகிறார் என்று தெரிந்தது. இல்லை என்றதும் பக்கத்திலிருந்த இரும்புப் பலகையில் அதை வைத்தார்.

"எப்ப தெரியும்?"

"பதினாலாம் தேதி."

"நான் உங்க வீட்டுக்கு இருபத்து மூணாம் தேதி வந்தேன்."

"ஆமா."

"முந்தாநாள் கையைக் காட்டினேன்."

"ஆமாம்மா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. "டேங்கைக் கழட்டிக் கொண்டு வாங்க. நான் உள்ள பார்க்கணும்" என்றார். அதன் பிறகு இவளுக்கு ஒரு ஸ்டூல் இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா, கால் தொங்கக் கூடாது" என்றார். எனக்கு உட்காரச் சொல்லவில்லை.

ஜூன் 10, புதன்

விடுப்பு எடுத்து டேங்கைக் கழற்றிக் கொண்டுபோனேன். விளக்கை உள்ளே விட்டு அரை மணி நேரம் பார்த்தார். முழங்கை வரை கையை விட்டு ஒவ்வொரு தடுப்பாகத் தடவினார். மூன்று தடுப்பும் அசையவில்லை. கிண்ணம் வைத்த இடத்தில் வைத்தபடி. கையை வெளியே எடுத்தபோது அது நடுங்கவில்லை. கண்ணிலிருந்துதான் தண்ணீர் வந்தது. அழுக்குக் கையால் துடைத்து, கன்னத்தில் கறுப்பாகத் தீற்றிக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போங்க. உங்க வண்டி வேலை இனிமே இங்க இல்ல."

சரி என்றேன்.

ஜூன் 14, ஞாயிறு

நடந்ததையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி, கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தேன். கடிதத்தின் நடுவில் நின்றுவிடுவேனோ என்று பயந்தேன். நிற்கவில்லை. மூடி, கையெழுத்து, வாசலில் சொன்ன பொய், பிரேக்கிலிருந்து எடுத்த கால், டேங்க் முழுக்க அவருடைய யோசனை, என்னுடையது இல்லை - எல்லாம்.

செயலாளர் முகம் சிவந்துவிட்டது. "என் பேர்ல பத்து ஊருக்குக் கடிதம் போயிருக்கு சார்." பத்து ஊருக்கும் நானே எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்க. இந்த வருஷம் கூட்டத்துக்கு வராதீங்க." யாரும் அது அதிகம் என்று சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். யாராவது வந்து தோளைத் தட்டுவார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேனோ? காத்திருந்தேன். அதுவும் வெட்கம்தான்.

ஜூன் 15, திங்கள்

மச்சான் தானாகவே கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். என்னோடு பேசவில்லை. தன் அக்காவுக்கு மட்டும் போன். நான் எடுத்தால் "அக்கா இல்லையா?" என்கிறான். மாமா என்ற சொல் போய்விட்டது.

ஜூன் 27, சனி

கட்டு பிரித்தாயிற்று. கால் மெலிந்து, வேறு யாருடையதோ போல இருக்கிறது. அவள் அதைப் பார்க்க, நான் சுவரைப் பார்த்தேன். "இங்க பாருங்க" என்றாள். பார்த்தேன்.

ஜூலை 12, ஞாயிறு

பத்துக் கடிதம் போட்டதில் மூன்று பதில் வந்தன. ஒன்றில் ஒரே வரி: 'உங்களைப் போன்றவர்களால்தான்.' அதற்கு மேல் அவர் எழுதவில்லை. முடிக்காத வாக்கியம். திருத்த ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 8, சனி

இவளுக்கு இப்போதைக்கு அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிற மேஜை. நடக்காமல் இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை டேங்க் அக்கா கடைக்குப் போகிறாள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் காரில் வெளியே உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அவர் சிரிப்பார் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

செப்டம்பர் 5, சனி

கடை வாசலில் ஒரு டேங்க். சின்னது, மோட்டார் சைக்கிளுடையது. வாயைத் திறந்து வெயிலில் காய வைத்திருந்தார். திரும்பி வரும்போது இவளிடம் கேட்டேன். "ஆரம்பிச்சிருக்கா. கேக்காதீங்க" என்றாள்.

அக்டோபர் 10, சனி

இந்த வாரம் முழுக்க இவள் பழையபடி நடந்தே தபால் கொடுத்தாள். ஆறு தெரு. சாயங்காலம் லேசாகக் காலை இழுக்கிறாள், கேட்டால் இல்லை என்கிறாள்.

இன்று கடைக்குப் போனோம். வாசலில் நான்கு டேங்குகள் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தன. கடைசியில் இருந்த நீண்ட பச்சை டேங்க் செயலாளருடையது. எனக்கு நன்றாகத் தெரியும். இவள் உள்ளே போய்விட்டாள். நான் வழக்கம் போல ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தேன்.

டேங்க் அக்கா வெளியே வந்தார். கையில் வெந்நீர் வாளி. கார் பக்கத்தில் நின்றார். நான்கு மாதமாக அவர் என் பக்கம் திரும்பியதில்லை. கண்ணாடியை இறக்கினேன்.

"வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க சார். டேங்குக்கு வெயில் மறைக்குது."

தள்ளி நிறுத்தினேன்.